பல்லுப் போன லாரி

ஆலாந்துறை தாண்டி நொய்யல் ஆற்றுக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, முப்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் பாறைமேல் குத்தவைத்து உட்கார்ந்து, "வா... வா கண்ணு... இன்னும் கொஞ்சம்... அப்படித்தான்" என்று கெஞ்சிக் கொண்டிருந்தான். ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருவர், கன்றுக்குட்டிதான் கல் இடுக்கில் மாட்டிக் கொண்டது என்று நினைத்துக் கையில் கயிற்றோடு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தால்... ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பொம்மை லாரி!

"ஏஞ் சாமி, இதுக்கா இத்தனை கூத்து?"

அந்த ஆள் நான்தான். திங்கள் முதல் வெள்ளி வரை சரவணம்பட்டியில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எவனோ ஒரு அமெரிக்காக்காரனின் இன்ஷூரன்ஸ் கணக்கைச் சரி பார்ப்பவன். சனி, ஞாயிறு மட்டும் லாரி ஓனர்.

ரிமோட் லாரி என்றதும், தேர்க்கடையில் வாங்கி வீடு வந்து சேர்வதற்குள் பாட்டரி மூடி தொலைந்து போகுமே, அந்த ரகம் என்று நினைத்து விடாதீர்கள். இது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு. கியர் பாக்ஸ் உண்டு, முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் உண்டு, எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர் நான்கு உண்டு. நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும். டிரைவர் மட்டும் வெளியே நிற்பார்.

இந்தப் பைத்தியம் பழசு. 1898-லேயே நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்னப் படகை விட்டு, கம்பியே இல்லாமல் அதை ஓட்டிக் காட்டினார். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்று கூடச் சிலர் சொன்னார்களாம். ஜப்பானின் டாமியா கம்பெனி 1976-ல் தன் முதல் ரேடியோ கன்ட்ரோல் காரைக் கொண்டு வந்தது. அது ஒரு போர்ஷே. 1987-ல் அதே கம்பெனி இரண்டு மோட்டார், நான்கு சக்கர டிரைவ், நான்கு சக்கரமும் திரும்பும் ஸ்டீயரிங் என்று 'கிளாட் பஸ்டர்' என்ற ராட்சத லாரியை இறக்கியது. பிரித்து, மாற்றி, இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிற ஆசாமிகளுக்கு அதுதான் குலதெய்வம்.

என்னுடையது அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. பதினெட்டாயிரத்துக்கு வாங்கிய நடுத்தர வர்க்கம்.

அன்று ஆற்றில் அது மாட்டிக் கொண்டதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம். அதற்காக நடுவில் சில பல்சக்கரங்களை வைத்து, 'நீ வேகமாப் போ, நீ மெதுவா வா' என்று பங்கு பிரிக்கிற ஏற்பாடு அது. ரோட்டில் அருமை. பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக் கொண்டால் வந்தது வினை. தூக்கிய சக்கரம் சுற்றோ சுற்றென்று சுற்றும். தரையில் அழுந்தி நிற்கிற சக்கரம் அசையாது. எங்கள் ஆபீஸ் மாதிரியே சார்! சீட்டில் இல்லாதவனுக்குத்தான் இன்க்ரிமென்ட்.

இதற்கு வைத்தியம் இரண்டு. ஒன்று, டிஃபரன்ஷியலுக்குள் எம்-சீலைத் திணித்துப் பல்சக்கரங்களை நகர விடாமல் கட்டிப் போடுவது. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். பாறை ஏறும். ஆனால் வளைவில் திரும்பச் சொன்னால் லாரிப்பேட்டையில் டிரெய்லர் திரும்புகிற மாதிரி இடம் கேட்கும். இன்னொன்று, உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய் ஊற்றுவது. ஐயாயிரம் நம்பர் தேன் மாதிரி இருக்கும். லட்சம் நம்பர் குப்பியைக் கவிழ்த்தால் காபி குடித்துவிட்டு வரலாம், அப்போதுதான் விழும். பின்னால் எம்-சீல், முன்னால் கெட்டி எண்ணெய் என்று நான் ஒரு கூட்டணி ஆட்சி அமைத்தேன். நன்றாகவே ஓடியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்துகிறார்கள்?

வண்டியில் அச்சு சுற்றுகிற இடமெல்லாம் பிளாஸ்டிக் புஷ்தான். அதை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டால் உராய்வு குறையும், பாட்டரி கூட நேரம் வரும். காந்திபுரத்தில் ஒரு பேரிங் கடைக்குப் போனேன்.

"சொல்லுங். 6203-ஆ, 6205-ஆ? மோட்டாருக்கா, கிரைண்டருக்கா?"

"உள் ஓட்டை அஞ்சு எம்.எம்.ங்க. வெளி விட்டம் பதினொண்ணு. கனம் நாலு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டாக்டருங்களா? பல்லுக்கா?"

பம்பு மோட்டார் ஊரில் சட்டைப் பொத்தான் சைஸில் பேரிங் கேட்டால் வேறு என்னதான் நினைப்பார்? ஆனாலும் விடவில்லை அவர். மாடிக்குப் பையனைத் தாட்டிவிட்டு, ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து பதினாறு எடுத்துக் கொடுத்தார். 'எங்கிட்ட இல்லை' என்று சொல்வது இந்த ஊர்க் கடைக்காரருக்குக் கௌரவக் குறைச்சல்.

பேரிங் போட்டதும் வண்டி ஊதினால் நகர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. 7.4 வோல்ட் பாட்டரியைக் கழற்றி 11.1 வோல்ட் மாட்டினேன். இது லித்தியம் பாலிமர். சுருக்கமாக லிப்போ. ஒரு செல் 3.7 வோல்ட், முழுக்க ஏற்றினால் 4.2. மூன்றுக்குக் கீழே இறக்கினால் செத்துப் போகும். அடிபட்டதும் வீங்கியதும் தீப்பிடிக்கும். நான் மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டுதான் சார்ஜ் ஏற்றுவேன். சட்டி வீட்டுக்காரியின் மீன்குழம்புச் சட்டி என்பது வேறு விவகாரம்.

புது பாட்டரி போட்ட முதல் நாள் லாரி பறந்தது. இரண்டாம் நாள் மோட்டாரிலிருந்து சக்தி வாங்குகிற பிளாஸ்டிக் பல்சக்கரம் மொட்டையாகிப் போனது. அறுபத்திநாலு பல்லில் ஒன்பது காணோம். ஆன்லைனில் இரும்புச் சக்கரம் தருவித்தேன். பல் போகவில்லை. அதற்குப் பதில் நடு ஷாஃப்ட் முறுக்கிக் கொண்டது. ஸ்டீல் ஷாஃப்ட் வாங்கினேன். டிஃபரன்ஷியல் பல் போயிற்று. அதையும் ஸ்டீலில் போட்டேன். மோட்டார் புகைந்தது. ஹாலுக்குப் பெயின்ட் அடித்தால் கதவு பழசாகத் தெரியும், கதவை மாற்றினால் ஜன்னல் பல்லை இளிக்கும் இல்லையா... அதே கதை.

மோட்டாரைப் புகைய விட்டது முழுக்க என் தப்பு. மோட்டார் முனையில் இருக்கிற சின்னச் சக்கரத்துக்குப் பதினாறு பல். பெரியதற்கு அறுபத்திநாலு. மோட்டார் நாலு சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. வோல்ட்டை ஏற்றியவன் சின்னச் சக்கரத்தைப் பன்னிரண்டு பல்லுக்குக் குறைத்திருக்க வேண்டும். அப்போது ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் கூடுதலான சுற்றுக்கு ஒரு சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும், சூடு குறையும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் டாப் கியரிலா போகிறார்?

வீட்டுக்காரி பால் கணக்கு நோட்டில் தனிப் பக்கம் போட்டிருந்தாள். 'வண்டி: 18,000. வண்டிக்கு வைத்தியம்: 21,400.'

"ஏனுங்க, பெத்த புள்ளைக்கே இத்தனை வைத்தியம் பாக்கலீங்களே?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளை இந்தப் பெண்கள் எங்கே கற்றுக் கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இனி ஆன்லைன் பக்கம் போவதில்லை என்று குழந்தை தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக் கொண்டாள். அப்படித்தான் நான் ஆவாரம்பாளையம் போய்ச் சேர்ந்தேன்.

ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் சந்துக்குள் நுழைந்தால் இன்றும் கட்டிங் ஆயில் வாசனை அடிக்கும். வீட்டு முன்பக்கம் லேத், பின்பக்கம் குடும்பம். 1930-களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்ததில் ஆரம்பித்த கதை இது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்தது இந்த ஊரில்தான்.

நண்பன் சொன்ன பட்டறை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருந்தது. அறுபது தாண்டிய அண்ணன் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கொண்டு வெர்னியரைத் துடைத்துக் கொண்டிருந்தார். லேத் மூன்று. ஓடியது ஒன்று. மற்ற இரண்டும் சாக்குப் போர்த்தித் தூங்கின.

லாரியை மேஜைமேல் வைத்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"கியர் பாக்ஸ் கூடு பிளாஸ்டிக்குங்க. அதை அலுமினியத்துல கடைஞ்சு குடுத்தீங்கன்னா..."

"இருங் தம்பி. இதுக்கு முந்தி என்னென்ன ஒடைஞ்சுதுன்னு வரிசையாச் சொல்லுங்."

சொன்னேன்.

"செரி. கூட்டை அலுமினியத்துல பண்ணிப் போடறோம். பொறவு எது ஒடையும்?"

எனக்குத் தெரியவில்லை.

"எனக்குந் தெரியாதுங். அதான் தப்பு." எழுந்து போய் மூலையிலிருந்து ஒரு நட்சத்திர வடிவ ரப்பரை எடுத்து வந்தார். "இது என்னனு தெரியுமுங்களா? ஸ்டார் ரப்பர். மோட்டாரையும் பம்பையும் சேக்கற கப்ளிங்குக்கு நடுவால வெக்கறது. பம்பு சிக்கிக்கிச்சுன்னா மொதல்ல இது பிஞ்சிக்கும். நாப்பது அம்பது ரூபாய்ல போயிரும். இது இல்லீன்னா ஷாஃப்டு போகும், மோட்டாரு போகும். ரொட்டவேட்டர்ல ஒரு போல்டு இருக்குமுங்க. கல்லுல மாட்டுனா அது ஒடைஞ்சு கியரைக் காப்பாத்தும். தோட்டத்துக்காரரு சிலபேரு அது ஒடையுது ஒடையுதுன்னு கெட்டி போல்டாப் போட்ருவாங்க. அடுத்த வாரம் கியர் பாக்ஸைத் தூக்கிட்டு எங்கிட்ட வருவாங்க. எங்கியாச்சும் ஒரு எடம் ஒடைஞ்சுதானுங் ஆகோணும். அது எந்த எடம்னு நாமதான் சொல்லோணும். வண்டி சொல்லக் கூடாது."

இருபத்தோராயிரத்து நானூறு ரூபாய் செலவழித்தும் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

நடு ஷாஃப்டைக் கியர் பாக்ஸோடு சேர்க்கிற இடத்தில் இரண்டு எம்.எம். ஸ்டீல் பின் ஒன்று இருந்தது. அண்ணன் அதை எடுத்துவிட்டுப் பித்தளையில் ஒரு பின் கடைந்தார். அதன் நடுவில் டூல் பிட்டால் மெல்லிசாக ஒரு வெட்டு. அந்த இடத்தில் கனம் 1.4 எம்.எம். பட்டறை வாசலில் இருந்த வேகத்தடையில் ஏற்றிப் பார்த்தோம். பாதி ஏறும் முன்னே 'டக்'. அடுத்தது 1.8. தடையைத் தாண்டியது. சக்கரத்தைக் கையால் அமுக்கிப் பிடித்து முழு வேகம் கொடுத்தபோதும் பின் உடையவில்லை. உள்ளே பல் கடிக்கிற சத்தம் கேட்டது. "வேண்டாம் வேண்டாம், நிறுத்துங்!" என்று அண்ணன் கத்தியே விட்டார். மூன்றாவது 1.6. தடை ஏறியது. பிடித்து நிறுத்தினால் பின் மட்டும் உடைந்தது. அதைக் கழற்றி வேறு போட இரண்டு நிமிஷம்.

நடுவில் டீ வந்தது. ஒரு காலத்தில் எட்டுப் பேர் வேலை பார்த்த பட்டறையாம். இப்போது அண்ணனும், வாரத்தில் மூன்று நாள் வருகிற ஒரு ஆளும். 2022-ல் கரண்ட் பில் ஏறியதும் ஒரு லேத்தை நிறுத்தினார். ஆர்டர் குறைந்ததும் அடுத்தது. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "வித்துப் போட்டு வாங்கப்பா"ங்கறானாம்.

"வித்தா பழைய இரும்பு வெலைக்குத்தானுங் எடுப்பாங்க. இந்த மிஷினு இன்னிக்கும் ஒரு தௌ பிசகாது."

என்ன சொல்வதென்று தெரியாமல் கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

"பித்தளைத் துண்டுக்கு என்னத்தைச் சொல்றது... நூறு ரூபா குடுங்." பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, இதை வுடறப்ப ஒரு நாளு சொல்லுங். சும்மா பாக்கலாமுன்னு."

திரும்பும்போது அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்தில் இறங்கினேன். 2015-ல் திறந்தது. பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, எஞ்சின் வளர்ந்த கதையையும் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் என்று போனவன் மூன்று மணி நேரம் நின்றேன். ஜி.டி. நாயுடு சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கி, வாங்கிய கையோடு அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார் என்று சொல்வார்கள். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒற்றை பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தவர்.

அதே கைப்பழக்கம்தான் கரிவரதனுக்கும் இருந்திருக்க வேண்டும். மாருதி 800 எஞ்சினை வைத்துக் கொண்டு, 'ஃபார்முலா மாருதி' என்று ஒற்றை சீட் ரேஸ் காரையே இங்கே உருவாக்கியவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய முதல் இந்தியரான நம்ம நரேன் கார்த்திகேயன் பழகியதும் ஃபார்முலா மாருதியில்தான். செட்டிபாளையம் பக்கம் போகிறவர்கள் ரேஸ் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். இல்லாத நாளில் போனால் என்னை மாதிரி காம்பவுண்டைப் பார்த்துவிட்டு இளநீர் குடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

பின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் செங்குத்தான பாறையில் வண்டி முன்னங்காலைத் தூக்கிக் கொண்டு மல்லாந்தது. இதற்கு விடை திருச்செங்கோட்டில் கிடைத்தது. ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்துக்கு எதிரே ரிக் பட்டறை. போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்கு நாமக்கல், சங்ககிரி என்று நாடே அறியும். முகூர்த்தத்துக்கு முன்னால் நைசாக நழுவினேன். வேட்டியில் கிரீஸ் ஆனதை இன்றுவரை வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அங்கே ஒரு மெக்கானிக்கிடம் போனில் வீடியோவைக் காட்டினேன். நிஜ ரிக் என்றே நினைத்துப் பதறிவிட்டார். பொம்மை என்றதும் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டரியப் பின்னால வெச்சுருக்கீங்க. ஏத்தத்துல வெயிட்டெல்லாம் பின்னாடி சாயும். முன் சக்கரம் தூக்கிருச்சுன்னா ஸ்டீயரிங் என்னத்துக்குங்க ஆகும்? வெயிட்ட முன்னாடி கொண்டாங்க. மேலே வேண்டாம். எத்தனை கீழே எறக்க முடியுமோ எறக்குங்க."

வீடு வந்ததும் சமையலறைத் தராசில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தேன். முன்னால் 1,100 கிராம். பின்னால் 1,300. பாட்டரியை முன்பக்கம் மாற்றினேன். 1,300-ம் 1,100-ம் ஆனது. பிறகு உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் உடைந்த பித்தளைக் குழாய்கள் வாங்கி, அண்ணனிடம் கொடுத்து உருக்கச் சொல்லி, முன் சக்கரங்களுக்குள் பொருந்துகிற மாதிரி இரண்டு வளையம் கடைந்து வாங்கினேன். ஒவ்வொன்றும் 150 கிராம். இப்போது முன்னால் 1,600, பின்னால் 1,100. வெளிநாட்டு வளையம் ஒரு ஜோடி நாலாயிரம் கேட்டான். எனக்கு ஆனது அறுநூறு. பால் கணக்கு நோட்டில் அதற்கு எதிரே வீட்டுக்காரி டிக் அடித்திருந்தாள். எங்கள் இல்லற வரலாற்றிலேயே முதல் டிக்.

போன ஞாயிறு அண்ணனை ஸ்கூட்டரில் உட்கார வைத்து, பேரூர் தாண்டி ஆலாந்துறைக்கு விட்டேன். வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி வந்திருந்தார். பொழுது ஏறும் முன்னே போய், பொழுது சாயும் முன்னே திரும்பிவிட வேண்டும். அது யானை வருகிற பக்கம். யானை மிதித்த லாரிக்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடையாது.

ரிமோட்டை நீட்டினேன். "எனக்கென்னத்துக்குங்" என்று இரண்டு தரம் மறுத்துவிட்டு, மூன்றாம் தரம் வாங்கிக் கொண்டார். அவர் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! வண்டியைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கொண்டே விரலை நகர்த்தினார். நான் மூன்று மாதமாக மல்லாந்த பாறையில், ஒவ்வொரு சக்கரமாக வைத்து வைத்து, பூனை மாதிரி ஏற்றினார். உச்சியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, எதிரே இருந்த இன்னொரு கல்லில் வேண்டுமென்றே மூக்கை முட்டி முழு வேகம் கொடுத்தார்.

டக்.

"ஒடைஞ்சுதுங்களா?" முகமெல்லாம் சிரிப்பு.

"ஒடைஞ்சுதுங்கண்ணா."

"வேறெதுவும் போகலீல்ல? பாருங் பாருங்."

கவிழ்த்துப் பார்த்தேன். பல் அத்தனையும் அப்படியே இருந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சுக்கு மேல் பளபளவென்று இருபது பித்தளைப் பின்.

மாற்றிக் கொண்டிருக்கும்போதே ஆடுகள் வந்துவிட்டன. பின்னாலேயே அந்த அம்மாவும். இந்தத் தடவை கையில் கயிறு இல்லை. இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, கொம்பால் மேற்கே காட்டினார்.

"இந்தக் கல்லு என்னங் கல்லு? அக்கட்டால ஒண்ணு இருக்குது பாருங், ஆடே ஏறாது. அதுல வுடுங் பாக்கலாம்."

அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டு முன்னால் நடந்தார்.